என் பிள்ளைக்குக் கவனம் உண்டு

இல்லை, என் பிள்ளைக்குக் கவனம் கிடையாது என்று யார் சொன்னாலும் நான் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. ஈரோட்டு டாக்டர் சொன்னாலும் சரி, மூன்றாம் வகுப்பு எஸ்தர் மிஸ் சொன்னாலும் சரி, காலையில் வண்டியில் துணி மூட்டையைக் கட்டிக்கொண்டே "திங்கக்கெழம காலைல மொத மாத்தரையக் குடுத்தே ஆவோணும், சொல்லிப்போட்டேன்" என்று கத்திவிட்டுப் போன என் வீட்டுக்காரர் சொன்னாலும் சரி. கத்தியது அவர் குற்றமில்லை. பள்ளிபாளையத்தில் விசைத்தறி ஓட்டுகிற வீட்டில் எதைச் சொன்னாலும் கத்தித்தான் சொல்ல வேண்டும், இன்னும் கொஞ்சம் சோறு வேண்டுமா என்று கேட்பதே ஊரைக் கூட்டுகிற மாதிரி இருக்கும். ஆனால் கத்திச் சொன்னதாலேயே ஒரு விஷயம் உண்மையாகிவிடுமா? மாத்திரை அட்டை உள்ளே சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது, இருந்துவிட்டுப் போகட்டும். சாயங்காலம் அவர் வந்ததும் டீயைக் கையில் கொடுத்து உட்கார வைத்து, ஏனுங்க, நான் சொல்றத முழுசாக் கேட்டுப்போட்டு அப்பறம் பேசுங்க என்று ஆரம்பிப்பேன். பாதியில் எழுந்து போக விடமாட்டேன். என்னென்ன சொல்ல வேண்டும் என்று இப்போதே மனசுக்குள் அடுக்கிக்கொண்டிருக்கிறேன். தறிக்கு நடுவில் நடந்துகொண்டிருந்தால்தான் எனக்கு யோசனை ஓடும், உட்கார்ந்தால் தூக்கம்தான் வரும். இதோ கோடித் தறியில் நாடாவுக்குள், குறுக்கே ஓடி ஊடு நூல் போடுகிற கட்டைக்குள், நூல் தீரப் போகிறது. நிறுத்தி, நாடாவை எடுத்து, நூல் தீர்ந்த குச்சியை, தாரை, உருவி வேறு தார் போட்டு, மறுபடி தட்டிவிட்டாயிற்று. கை அதன் வேலையைப் பார்க்கும், நான் என் வேலையைப் பார்ப்பேன்.

கவனம் இல்லையாம். அதோ வாசல் வெளிச்சத்தில், எனக்கு முதுகு காட்டித் தரையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கால் இரண்டையும் மேலே மடக்கி ஆட்டிக்கொண்டு படம் வரைகிறாளே சஷ்டிகா, அவளை வந்து பார்க்கட்டும் இவர்கள். மத்தியானச் சாப்பாடு முடிந்து படுத்தவள் இன்னும் நிமிரவில்லை. தண்ணி லாரி வரைகிறாள். லாரி என்றால் ஒரு டப்பாவும் நாலு வட்டமும் இல்லை, சக்கரத்தில் இருக்கிற ஒவ்வொரு போல்ட்டும் இருக்கும், குழாயிலிருந்து ஒழுகுகிற சொட்டு இருக்கும், பின்னால் தொங்குகிற பழைய செருப்பு இருக்கும். கவனம் இல்லாத பிள்ளை செருப்பை வரையுமா? இதை டாக்டரிடமே கேட்டேன். "புடிச்ச வேலைல நல்லாக் கவனம் நிக்கும்மா, புடிக்காத வேலைல நிக்காது, அதுவும் இதுல ஒரு அறிகுறிதான்" என்றார். அப்படிப் பார்த்தால் அது எனக்கும் இருக்கிறது, என் வீட்டுக்காரருக்கும் இருக்கிறது, இந்தத் தெருவுக்கே மாத்திரை எழுதிக் கொடுக்க வேண்டியதுதான். சாயங்காலம் இதை முதலில் சொல்ல வேண்டும். இல்லை, முதலில் இதைச் சொன்னால் நான் டாக்டரைக் கிண்டல் பண்ணுகிறேன் என்று அவருக்குக் கோபம் வந்துவிடும். முதலில் தறிப் பேச்சைத்தான் சொல்ல வேண்டும், அதற்கு அவரிடம் பதிலே கிடையாது.

தறிப் பேச்சு என்றால், நாங்கள் பட்டறைக்குள் பேசுகிற பேச்சு, வெளியே வந்தால்தான் கத்துவோம், உள்ளே வெறும் உதட்டசைவுதான். நான் அந்தியூர்ப் பக்கம் மஞ்சள் காட்டில் வளர்ந்தவள், இந்தக் காட்டிலிருந்து கூப்பிட்டால் அந்தக் காட்டுக்குக் கேட்கும், அப்படி ஒரு அமைதியான ஊர். கல்யாணமாகி இந்தப் பட்டறைக்குள் நுழைந்த புதிதில் எல்லோரும் வாயை மட்டும் அசைத்துக்கொண்டிருப்பார்கள், ஒரு சத்தமும் வராது, என்னைப் பற்றித்தான் ரகசியம் பேசுகிறார்கள் என்று ராத்திரி படுத்து அழுதிருக்கிறேன். என் வீட்டுக்காரரின் அக்கா, நங்கையா, அந்தக் கோடியில் நின்றுகொண்டு உதட்டைக் குவித்து விரித்து என்னவோ கேட்பார், நானும் மாடு மாதிரி தலையை ஆட்டுவேன். ஒரு நாள் அவர் கேட்டது, பாலை இறக்கிவிட்டாயா என்று. நான் தலையை ஆட்டினேன். பால், பாத்திரம், அடுப்பு எல்லாம் ஒன்றாகிப் போயிற்று. அதற்கப்புறம்தான் என் தாடையைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பிச் சொல்லிக் கொடுத்தார். "சத்தத்துக்கு மேல சத்தம் போட்டாத் தொண்டதான் போவும் புள்ள. கொரல விட்டுப்போடு. உதட்டப் பாரு." எனக்கு அது பிடிபட ரொம்ப நாள் ஆயிற்று, இன்றைக்கும் வேகமாகச் சொன்னால் பாதி புரியாது. சஷ்டிகாவோ தூளியில் கிடந்த காலத்திலேயே உதடு பார்த்தவள். பேச்சு வருவதற்கு முன்பே அவளுக்கு இது வந்துவிட்டது. பேச்சு கொஞ்சம் தாமதம்தான், இன்னும் மழலை போகவில்லை, தன் பெயரையே தட்டிகா என்றுதான் சொல்வாள், நாங்களும் அது அழகாக இருக்கிறதென்று தட்டிகா, தட்டிகா என்றே கூப்பிட்டுச் சிரிப்போம். ஆனால் உதட்டில் அவளை யாரும் ஜெயிக்க முடியாது. எதிர்ப் பட்டறையில் ஒரு ஆள், தன் மாமியார் வந்து தங்கியிருப்பதைப் பற்றிப் பக்கத்துத் தறிக்காரனிடம் வாயசைத்துப் புலம்பிக்கொண்டிருந்ததை, தெருவுக்கு இந்தப் பக்கம் இருந்தபடியே படித்து, ஒரு வார்த்தை விடாமல் எங்களிடம் வந்து சொன்னாள். அந்த ஆள் அன்றிலிருந்து எங்கள் வாசலைப் பார்த்தால் வாயைத் துண்டால் மூடிக்கொள்வான். கவனம் இல்லாத பிள்ளைக்கு இது வருமா? கேட்கிறேன். கேட்கத்தான் போகிறேன்.

எஸ்தர் மிஸ் நல்லவர்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். எங்களைக் கூப்பிட்டு உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்துத்தான் பேசினார். "கூப்பிட்டாத் திரும்பறதே இல்லைங்க. போர்டுல எழுதிக்கிட்டே விளக்கிச் சொல்றேன், எல்லாப் புள்ளைங்களும் எழுதுதுங்க, இவ ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கா. டிக்டேஷன் வச்சா நான் சொன்னது ஒண்ணு, அவ எழுதறது ஒண்ணு. திட்டினா அழறதும் இல்ல, என் மூஞ்சியவே பாக்கறா." மூஞ்சியைப் பார்ப்பது ஒரு குற்றமா என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது. போன வருஷம் இருந்த மிஸ் இவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார், என்னைப் பாக்காம ஒரு நிமிஷம் இருக்கமாட்டா உங்க பொண்ணு என்பார். அப்போது முதல் பெஞ்சு. இந்த வருஷம் உயரத்துக்குத் தகுந்த மாதிரி உட்கார வைத்ததில் கடைசி பெஞ்சுக்குப் போய்விட்டாள். அவள் அப்பாவின் உயரம், வளர்ந்தது அவள் தப்பா? முன்னால் போடுங்கள் என்று கேட்டேன், பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்குப் போர்டு மறைக்கும் என்றார். கடைசி பெஞ்சில் போட்டால் எந்தப் பிள்ளைதான் வேடிக்கை பார்க்காது, நான் படிக்கும்போது கடைசி பெஞ்சில் உட்கார்ந்து புளியங்காய் தின்றதைத் தவிர வேறு ஒன்றும் செய்ததில்லை. அப்புறம் பள்ளியில் ஒரு முகாம் வைத்தார்கள், யாரோ வந்து பார்த்தார்கள், ஈரோட்டு டாக்டரிடம் போகச் சொன்னார்கள், போனோம். இப்படித்தான் படிப்படியாக நடந்தது. ஒவ்வொரு படியிலும் யாரும் கெட்டவர்கள் இல்லை, அதுதான் எனக்குக் கோபத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியாமல் போகிறது. நடுத் தறியில் ஒரு இழை அறுந்து தொங்குகிறது, இருங்கள். முடிச்சுப் போட்டாயிற்று.

டாக்டர் ரூமில் ஏசி போட்டு, கதவைச் சாத்தி, அப்படி ஒரு அமைதி. எனக்குக் காதுக்குள் ஙொய்யென்று இரைந்தது. எங்கள் தெருக்காரர்கள் எல்லோருக்கும் அப்படித்தான், அமைதியான இடத்துக்குப் போனால் காதுக்குள் தறி ஓடும், கல்யாண வீட்டில் நாங்கள் சாதாரணமாகப் பேசினால் சண்டை என்று நினைத்து விலக்கிவிட வருவார்கள். டாக்டர் இவளை எதிர் நாற்காலியில் உட்கார வைத்துப் படங்களைக் காட்டினார், மறைத்துவிட்டு என்னென்ன பார்த்தாய் என்று கேட்டார், எண்களைத் தலைகீழாகச் சொல்லச் சொன்னார். கண் கொட்டாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் டாண் டாண் என்று பதில் சொன்னாள். நான் என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்தேன், பார்த்தீங்களா என்று உதட்டை மட்டும் அசைத்தேன். ஆனால் டாக்டர் என்ன சொன்னார்? நேருக்கு நேர் இருந்தால் நன்றாகத்தான் செய்வாள், கூட்டத்தில்தான் கவனம் சிதறும், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு இது வழக்கம்தான் என்றார். தப்பாகச் சொன்னாலும் அது, சரியாகச் சொன்னாலும் அது. பிறகு தலையைக் குனிந்து எழுதிக்கொண்டே, "பாப்பாவுக்கு ஸ்கூல்ல என்ன பாடம் புடிக்கும்?" என்றார். அவள் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார், மறுபடி குனிந்து எழுதினார். அந்த ஒரு தடவை. அந்த ஒரு தடவை வேடிக்கை பார்க்காமல் இருந்திருந்தால் என்ன? எனக்கு அவள் தொடையில் கிள்ளத் தோன்றியது. அதற்கப்புறம்தான் கேட்டார், கண், காது எல்லாம் பரிசோதனை செய்திருக்கிறீர்களா என்று. நான் விடுவேனா. "கண்ணு கழுகுங்க. காதுக்கு என்னங்க கொறச்சல்? ஆறு தறி ஓடற எடத்துல நாங்க பேசறதே அவளுக்கு நல்லாக் கேக்கும்ங்க" என்று ஒரே போடாகப் போட்டேன். அவர் சிரித்துவிட்டார், அப்பச் சரிம்மா என்று அடுத்த கேள்விக்குப் போய்விட்டார். அந்த ரூமில் அன்று நான் சொன்ன ஒன்றுதான் எடுபட்டது.

நான் மாத்திரைக்கு விரோதி இல்லை. அடுத்த சந்தில் கிருத்திக் என்று ஒரு பையன், இரண்டாவது படிக்கிறான், அவனுக்கும் கவனக்குறைவு என்று இதே வியாதிப் பெயரைத்தான் சொன்னார்கள், இதே மாதிரி மாத்திரைதான். மாத்திரைக்கு முன்னால் அவன் எங்கள் வீட்டுக்கு வந்தால் பம்பரம் கெட்டது போங்கள், தறி மேல் ஏறுவான், நாடாவை உருவுவான், பாதிப் பேச்சில் எழுந்து ஓடுவான், அவன் அம்மா பின்னாலேயே ஓடி ஓடி இளைத்துப் போனாள். இப்போது உட்கார்ந்து ஒரு பக்கம் எழுதுகிறான். அவன் அம்மா முகத்தில் ரத்தம் ஊறியிருக்கிறது. அவனுக்கு அது இருந்தது, கொடுத்தார்கள், நின்றது. அதை நான் மறுக்கவே மாட்டேன். என் பிள்ளைக்கு அது இல்லை, அவ்வளவுதான் நான் சொல்வது. காய்ச்சல் இல்லாத பிள்ளைக்குக் காய்ச்சல் மாத்திரை கொடுப்பார்களா? ஆனால் என் வீட்டுக்காரருக்குப் பயம். பயத்தைத்தான் அவர் கோபமாகக் காட்டுவார், இத்தனை வருஷத்தில் எனக்குத் தெரியாதா. அவர் ஒன்பதாவதில் தோற்றுத் தறிக்கு வந்தவர். நேற்று ராத்திரி சாப்பிட்ட கையோடு உட்கார்ந்திருந்தார், கை காய்ந்துபோயிற்று. "நானும் இப்படித்தான் புள்ள ஜன்னலப் பாத்துக்கிட்டு உக்காந்திருப்பேன். அப்ப யாராவது ஒரு டாக்டருகிட்டக் கூட்டீட்டுப் போயிருந்தா நான் இந்தச் சத்தத்துக்குள்ள கெடப்பனா? என்ற புள்ளயும் இதுக்குள்ளயே கெடக்கோணுமா?" அவர் சொன்னதும் சரிதான். இரண்டு பேருமே அவளை இந்தப் பட்டறையிலிருந்து வெளியே அனுப்பத்தான் பார்க்கிறோம். அவர் ஒரு கதவைத் தட்டுகிறார், அது கதவே இல்லை, சுவர் என்கிறேன் நான். கதவு எங்கே என்று கேட்டால்தான் எனக்கும் தெரியாது.

அங்கேதான் போய் முட்டிக்கொள்கிறது. அது இல்லை என்றால் பிறகு எது? மார்க் குறைந்தது உண்மை, மிஸ் கூப்பிட்டுத் திரும்பாதது உண்மை. எங்களிடம் கூலிக்குத் தறி ஓட்டுகிற வாசுகி அந்த வரிசையிலிருந்து கையை வாயருகே கொண்டுபோய்க் காட்டுகிறாள், டீ வாங்கப் போகிறாளாம். தூளியில் அவள் பிள்ளை தூங்குகிறது, கொஞ்சம் பார்த்துக்கொள்ளக்கா என்கிறது உதடு. போயிட்டு வா என்று தலையை ஆட்டினேன். தறி வீட்டுப் பிள்ளைகள் இந்தச் சத்தத்தில்தான் தூங்கும், தறி நின்றால்தான் முழித்துக்கொண்டு அழும், சஷ்டிகாவும் அப்படித்தான் தூங்கினாள். இல்லை, அவள் நின்றாலும் தூங்குவாள். நல்ல பிள்ளை, கரண்ட் போனாலும் அசையாது என்று நங்கையா கண்ணேறு கழித்துப் போடுவார். என்ன யோசித்துக்கொண்டிருந்தேன்? பிறகு எது என்று. ஒரு ஞாபகம் இருக்கிறது, காலையிலிருந்து அதைக் கிட்டே வரவிடாமல் தள்ளிக்கொண்டே இருக்கிறேன். சந்தைக்குப் போகும்போது நான் கீரைக்காரியிடம் நின்றுவிட்டேன், இவள் முன்னால் நடந்துகொண்டிருந்தாள். பின்னால் மினி லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறது, அடிக்கிறான், அடிக்கிறான், ரோட்டில் இருந்த நாய்கூட ஒதுங்கிவிட்டது, இவள் பாட்டுக்கு நடுரோட்டில் போகிறாள். ஓடிப்போய்ச் சட்டையைப் பிடித்து இழுத்து, இழுத்த வேகத்தில் முதுகில் ஒன்று வைத்தேன். டிரைவர் இறங்கி, புள்ளைக்குப் புத்திகித்தி சரியில்லையா என்று கேட்டான். அவள் என்னையே பார்த்தாள், "வண்டிய நான் பாக்கலம்மா" என்றாள். பார்க்கவில்லையாம். முன்னால் பார்த்து நடக்கிற பிள்ளை பின்னால் வருகிற வண்டியை எப்படிப் பார்க்கும், அதற்குத்தான் ஹாரன் அடிக்கிறான், என்ன பதில் இது? அன்றைக்கு ராத்திரி முழுக்க எழுந்து எழுந்து அவளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவேளை டாக்டர் சொல்வது சரியாக இருந்து, நான்தான் வீம்புக்கு மல்லுக்கு நிற்கிறேனா, என் வீம்பால் ஒரு நாள் பிள்ளை வண்டியில், சே, சே, வாயில் வரக்கூடாது. ஒரு நாள் யோசனையில் நடந்தாள். யோசிக்கிற பிள்ளைதானே, லாரியில் தொங்குகிற செருப்பைப் பற்றி யோசித்திருப்பாள். நான்கூடத் தறிக்கு நடுவில் இதோ யோசித்துக்கொண்டு நடக்கவில்லையா? ஒரு நாள் வேடிக்கை பார்த்ததற்கு வருஷக்கணக்கில் மாத்திரையா? முடியாது. அடுக்கியதை மறுபடி முதலிலிருந்து அடுக்குகிறேன். முதலில் தறிப் பேச்சு, அப்புறம் எதிர்ப் பட்டறை மாமியார் கதை, அதற்கு அவரே சிரித்துவிடுவார், சிரித்த கையோடு முதல் பெஞ்சு, பிறகு மெதுவாக மாத்திரை. நான் சொன்னால் கேட்பார். கேட்க வைப்பேன்.

கரண்ட் போய்விட்டது. ஒரு இழுவை இழுத்துவிட்டு எல்லாத் தறியும் அப்படியே நின்றன. எங்கள் பட்டறை, எதிர்ப் பட்டறை, அடுத்த தெரு, எல்லாம் ஒரே அடியாக. காதுக்குள் ஙொய். வழக்கமாக இந்த நேரத்தில் தெருவே வெளியே வந்து நின்று, தறி ஓடுகிற நினைப்பிலேயே ஒருத்தரை ஒருத்தர் கத்திக் கூப்பிட்டுப் பேச ஆரம்பித்துவிடும், யாரும் குரலைக் குறைப்பது கிடையாது. நானும் கத்தியிருப்பேன். தூளியில் வாசுகியின் பிள்ளை இருக்கிறதே, முழித்துக்கொண்டால் அவள் வரும்வரை நான்தான் தோளில் போட்டு அலைய வேண்டும் என்று, கத்தாமல், மெதுவாகக் கூப்பிட்டேன். "சஷ்டி, அந்த விசிறிய எடுத்துட்டு வா சாமி." கால் ஆடிக்கொண்டிருந்தது. பென்சில் போய்க்கொண்டிருந்தது. பார்த்தீர்களா, இதைத்தான் நான் கவனம் என்கிறேன், வேலையில் இறங்கினால் உலகமே தெரியாது. எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. "சஷ்டி." கொஞ்சம் அழுத்தி. "சஷ்டிகா." அடம் பிடிக்கிறாளா? கால் ஆட்டுகிற மாதிரியைப் பார்த்தால் அடம் மாதிரி இல்லை. தூளியில் பிள்ளை சிணுங்கியது. அந்தப் பிள்ளை என்றால் சஷ்டிக்கு உயிர், தூளி அசைவதைப் பார்த்துவிட்டால் போதும், போட்டது போட்டபடி ஓடுவாள், என்னைத் தொடக்கூட விடமாட்டாள். சிணுங்கல் பெரிதாகி அழுகையே ஆகிவிட்டது. இவள் முதுகு அசையவில்லை. நான் தூளியிடம் போகவில்லை. கால் தானாக இவள் பக்கம் போயிற்று. பின்னால் போய் நின்றேன். குனிந்து, அவள் சடைக்குப் பக்கத்தில், வீட்டுக்குள் ஒரு மனுஷி இன்னொரு மனுஷியிடம் பேசுகிற அளவுக்கு, "தட்டிகா" என்றேன். அவள் ஒரு போல்ட்டை முடித்துவிட்டு அடுத்த போல்ட்டுக்குப் போனாள்.

எனக்கு முதலில் எதுவும் தோன்றவில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது, நான் அடுக்கி வைத்திருந்த அதே வரிசையில் வந்தது, ஆனால் ஒவ்வொன்றும் என் முகத்துக்கு எதிராகத் திரும்பிக்கொண்டு வந்தது. தறிப் பேச்சு. எதிர்ப் பட்டறை. டாக்டர் முகத்தைக் கண் கொட்டாமல் பார்த்தது. ஆறு தறி ஓடுகிற இடத்தில் நாங்கள் பேசுவதே அவளுக்கு நல்லாக் கேக்கும்ங்க. ஐயோ, நாங்கள் என்றைக்குப் பேசினோம்? இந்தப் பட்டறைக்குள் யார் குரல் எழுப்பினார்கள்? வேறு எந்த வீட்டில் பிறந்திருந்தாலும் இரண்டு வயதில் கண்டுபிடித்திருப்பார்கள் என் பிள்ளையை. குரலே வேண்டாத வீட்டில் பிறந்ததால் அவளுக்கு ஒரு குறையும் இல்லாமல் போயிற்று. என் சேலைத் தலைப்பு அவள் தோளில் பட்டிருக்க வேண்டும், நிமிர்ந்து பார்த்தாள், பார்த்ததும் பல் விழுந்த வாயோடு சிரித்தாள். நின்றுபோன தறிகளைப் பார்த்தாள். "கரண்ட் போயிருச்சா?" என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது. அவ்வளவு அமைதியில், ஒரு துளிச் சத்தம் இல்லாமல், பட்டறைக்குள் பேசுகிற மாதிரியே கேட்டாள். நான் தரையில் அவள் எதிரே உட்கார்ந்துவிட்டேன். பிள்ளை தூளியில் அழுதுகொண்டிருந்தது, வாசுகியின் செருப்புச் சத்தம் வாசலில் கேட்டது, என்னைத் தாண்டிப் போய் அவள் தூக்கிக்கொண்டாள்.

சாயங்காலம் பேசப் போகிற பேச்சு எல்லாம் போயிற்று, இனி இரண்டே வார்த்தைதான். ஏனுங்க, மாத்திர வேண்டாம், புள்ளைய மொதல்ல காது டாக்டருகிட்டக் காட்டோணும். அவர் கத்தினால் கத்தட்டும். இங்கே, இவள் பின்னால் நிற்க வைத்து, ஒரு தடவை கூப்பிடச் சொன்னால் போதும், அப்புறம் அவரே வண்டியை எடுப்பார். ஈரோட்டு டாக்டரிடமும் நானே போய்ச் சொல்வேன், காதைப் பற்றி நான் சொன்னது தப்புங்க என்று, அதில் எனக்கு வெட்கமில்லை. கவனத்தைப் பற்றி நான் சொன்னது தப்பில்லை, அதையும் சேர்த்துச் சொல்வேன். ஆனால் அதற்கு முன்னால் ஒன்று தெரிந்தாக வேண்டியிருந்தது. அவள் கையிலிருந்து பென்சிலை மெதுவாக வாங்கி வைத்துவிட்டு, நானும் உதட்டாலேயே கேட்டேன், ஏஞ்சாமி, கிளாஸ்ல மிஸ் பாடம் சொல்லும்போது நீ எதுக்கு ஜன்னலப் பாக்கறே? அடிக்கத்தான் கேட்கிறேனோ என்று என் முகத்தை ஒரு நிமிஷம் தேடினாள். அடி இல்லை என்று தெரிந்ததும் குரல் எழுப்பியே பேசினாள், அந்த மழலைக் குரல், தேவைக்கு மேல் சத்தமாக. "மிஸ்ஸு போர்டுப் பக்கந் திரும்பிக்குவாங்கம்மா. அப்பப் பேச மாட்டாங்க. நான் சும்மாத்தான உக்காந்திருக்கோணும்?" பேசாமலா இருப்பார்கள் என்றேன். இதை ரொம்ப நாளாக யாரிடமாவது கேட்க வேண்டும் என்று வைத்திருந்த மாதிரி, முட்டி போட்டு என்னிடம் நெருங்கி வந்து, என் கன்னம் இரண்டையும் கையால் பிடித்துக்கொண்டு கேட்டாள். "அந்தப் பக்கந் திரும்பிட்டா மிஸ்ஸு வாயே தெரியாதில்லம்மா. வாய் தெரியாம மத்த புள்ளைங்கல்லாம் எப்படிம்மா எழுதறாங்க?"

அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பிள்ளை பார்க்கக் கூடாதென்று முகத்தை அந்தப் பக்கம் திருப்பப் போனேன். திருப்பவில்லை. திருப்பினால் நான் சொல்வது அவளுக்குத் தெரியாது. வழிகிற கண்ணைத் துடைக்காமல், முகத்தை அவளுக்கு நேராகவே வைத்துக்கொண்டு, உதடு நன்றாகத் தெரியும்படி ஒவ்வொரு சொல்லாகச் சொன்னேன்.

"அவங்களுக்கு வாய் தெரியாமயே கேக்குது, சாமி."